பொறுப்பைக் கொடுத்தால் போதுமா? புதிய பணியாளர்களோடு உடன் நடக்கும் பங்கு



நம் பங்குகளில் ஆண்டுதோறும் புதிய பணியாளர்கள் முன்வருகிறார்கள். திருப்பலியில் வாசகம் வாசிப்பவர்கள், நோயாளிகளுக்கு நற்கருணை எடுத்துச் செல்பவர்கள், மறைக்கல்வி ஆசிரியர்கள், அன்பியப் பொறுப்பாளர்கள், கிளைக் கிராமங்களில் செப வழிபாட்டை நடத்தும் உபதேசியார்கள் எனப் பட்டியல் நீளும். புதிதாகத் திருநிலைப்படுத்தப்பட்ட குருக்களும் துணைப் பங்குத்தந்தையராக வந்து சேர்கிறார்கள். ஒரு ஞாயிறன்று இவர்களைப் பீடத்தின் முன் நிற்க வைத்து, ஆசி வழங்கி, கைதட்டி வரவேற்கிறோம். அடுத்த ஞாயிறு முதல் அவர்கள் தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுகிறோம்.

ஓராண்டு கழித்து எண்ணிப் பார்த்தால், அந்த வரிசையில் நின்றவர்களுள் சிலர் காணாமல் போயிருப்பார்கள். கேட்டால், "நேரம் கிடைக்கவில்லை சாமி" என்று சொல்வார்கள். ஆனால் உண்மை பெரும்பாலும் வேறாக இருக்கும். முதல் முறை வாசகம் தடுமாறியபோது யாரோ சிரித்திருப்பார்கள். நோயாளியின் வீட்டில் என்ன சொல்வதென்று தெரியாமல் தவித்திருப்பார்கள். கூட்டத்தின் நடுவே ஒரு கடுஞ்சொல் விழுந்திருக்கும். அதைச் சொல்லி ஆறுதல் தேட அவர்களுக்கு ஓர் ஆள் இருந்திருக்கமாட்டார்.

இப்படி ஒருவர் ஒதுங்கும்போது பங்கு இழப்பது ஓர் உதவியாளரை மட்டும்தானா? இறைவன் தம்மை அழைத்தார் என்று நம்பி முன்வந்த ஒருவர், அந்த அழைப்பே பொய்யோ என்று ஐயுறத் தொடங்குகிறார். இது சிறிய காரியம் அன்று. ஆகவே, புதிய பணியாளர்களை எப்படி உருவாக்குவது, எப்படி உடன் நடந்து வழிநடத்துவது என்பதை இன்று நாம் சற்று விரிவாகச் சிந்திப்போம்.

இயேசு கையாண்ட முறை

நற்செய்தியாளர் மாற்கு, பன்னிருவர் தேர்ந்துகொள்ளப்பட்டதன் நோக்கத்தை இரண்டாகக் கூறுகிறார் (மாற் 3:14). அவர்கள் தம்முடன் இருக்க வேண்டும் என்பது முதலாவது. தாம் அவர்களை அனுப்ப வேண்டும் என்பது இரண்டாவது. இந்த வரிசை நம் கவனத்திற்குரியது. அனுப்புவதற்கு முன் உடனிருத்தல் வருகிறது. சீடர்கள் அவரோடு நடந்தார்கள், உண்டார்கள், படகில் பயணித்தார்கள். அவர் தொழுநோயாளரைத் தொட்டதையும், பாவிகளோடு பந்தியில் அமர்ந்ததையும், தனிமையில் இறைவேண்டல் செய்ததையும் அருகிலிருந்து கண்டார்கள். அவர்களுடைய பாடநூல் அவருடைய வாழ்க்கையே.

அதன் பின்னரே அவர் அவர்களை அனுப்பினார். அப்போதும் தனியாக அனுப்பவில்லை, இருவர் இருவராக அனுப்பினார் (மாற் 6:7). அவர்கள் திரும்பி வந்து, தாங்கள் செய்தவை, கற்பித்தவை எல்லாவற்றையும் அவரிடம் தெரிவித்தார்கள். அவர் அதைக் கேட்டுவிட்டு, அவர்களைத் தனிமையான இடத்திற்குச் சென்று சற்று ஓய்வெடுக்கும்படி அழைத்தார் (மாற் 6:30-31).

அழைப்பு, உடனிருப்பு, இருவராக அனுப்புதல், திரும்பி வந்ததும் செவிமடுத்தல், ஓய்வு ஆகிய இந்த ஐந்தையும் நம் பங்குகளின் நடைமுறையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். அழைப்பும் அனுப்புதலும் நம்மிடம் உண்டு. நடுவிலும் இறுதியிலும் உள்ளவைதாம் குறைகின்றன. பணியாளர் திரும்பி வந்து பேச ஓர் இடம் இல்லை. சோர்ந்துபோனவரை ஓய்வெடுக்கச் சொல்ல ஒருவரும் இல்லை.

பர்னபாவும் பிரிஸ்கில்லாவும்

தொடக்கத் திருச்சபை இந்த முறையைத் தொடர்ந்தது. மனம் மாறிய சவுலைக் கண்டு எருசலேமில் இருந்த சீடர்கள் அஞ்சினார்கள். பர்னபா அவரைத் திருத்தூதரிடம் அழைத்துச் சென்று அவருக்காகப் பேசினார் (தி.ப. 9:27). பின்னர் தார்சு நகருக்கே தேடிச் சென்று அவரை அந்தியோக்கியாவுக்குக் கூட்டி வந்து, ஓராண்டு முழுவதும் அவரோடு சேர்ந்து கற்பித்தார். நாளடைவில் பவுலின் பெயர் முன்னுக்கு வந்தது, பர்னபாவின் பெயர் பின்னுக்குச் சென்றது. பர்னபா அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

அதே பர்னபா மற்றோர் இளைஞரையும் கைவிடவில்லை. யோவான் மாற்கு முதல் பயணத்தின் நடுவிலேயே திரும்பிவிட்டவர். அவரை மீண்டும் அழைத்துச் செல்லக்கூடாது என்று பவுல் மறுத்தார். இருவருக்கும் கடும் விவாதம் ஏற்பட்டது. பர்னபா மாற்கைக் கூட்டிக்கொண்டு சைப்பிரசுக்குக் கப்பலேறினார் (தி.ப. 15:37-39). இந்தக் கதை அத்துடன் முடியவில்லை. பிற்காலத் திருமுகம் ஒன்றில் பவுலே மாற்கைத் தம்மிடம் அழைத்து வரச் சொல்கிறார், அவர் தம் பணிக்குப் பயனுள்ளவர் என்கிறார் (2 திமொ 4:11). ஒருமுறை தவறியவருக்கு இரண்டாம் வாய்ப்புக் கொடுத்த ஒரு மனிதர் நடுவில் இருந்திருக்காவிட்டால், அந்தச் சொல் எழுதப்பட்டிருக்குமா?

அப்பொல்லோவின் நிகழ்வும் நம் சிந்தனைக்குரியது (தி.ப. 18:24-26). அவர் சொல்வன்மை மிக்கவர், மறைநூலில் புலமை பெற்றவர். ஆயினும் அவர் அறிந்திருந்தது யோவானின் திருமுழுக்கு மட்டுமே. தொழுகைக்கூடத்தில் அவர் பேசுவதைப் பிரிஸ்கில்லா, அக்கிலா தம்பதியர் கேட்டார்கள். அவர்கள் எழுந்து நின்று மறுத்துப் பேசவில்லை. அவரைத் தங்களிடம் அழைத்துச் சென்று, இறைநெறியை இன்னும் திட்டவட்டமாக விளக்கினார்கள். கூடாரம் செய்யும் தொழிலாளிகளான ஒரு கணவனும் மனைவியும், கற்றறிந்த ஒரு போதகரை உருவாக்கினார்கள். பங்கில் வழிகாட்டியாக இருக்கப் பெரிய பட்டம் தேவையில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

நம் மண்ணின் மரபு

இந்த முறை நம் தமிழ் மண்ணுக்குப் புதியதன்று. 1542ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், எல்லா ஊர்களிலும் தாம் ஒருவரே இருக்க இயலாது என்பதை விரைவில் உணர்ந்தார். தமிழ் அறிந்தவர்களின் உதவியோடு செபங்களைத் தமிழில் அமைத்துக்கொண்டார். ஒவ்வோர் ஊரிலும் செபங்களைக் கற்பிக்கவும், மக்களைக் கூட்டவும், பிறந்த குழந்தைகளைக் கவனிக்கவும் உள்ளூர் மனிதர்களை நியமித்தார். அவர்களுடைய ஊதியத்திற்காகப் போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த தொகையைக் கேட்டுப் பெற்றார் என்பது வரலாறு. பணியாளரை நியமித்தால் மட்டும் போதாது, அவர் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்றும் பார்க்க வேண்டும் என்பது புனிதருக்குத் தெரிந்திருந்தது.

அவர் தம் உடன் உழைப்பாளரான பிரான்சிஸ்கோ மான்சிலாஸுக்கு 1544ஆம் ஆண்டில் எழுதிய கடிதங்கள் இன்றும் உள்ளன. அவற்றில் ஒரு மூத்தவர் தம் இளைய உடன் பணியாளரோடு பேசும் தொனியைக் காண்கிறோம். மக்களிடம் பொறுமையாக இருக்கச் சொல்கிறார். ஊர் ஊராகத் தொடர்ந்து சென்று சிறுவர்களுக்குக் கற்பிக்கச் சொல்கிறார். குழந்தைகள் திருமுழுக்குப் பெறாமல் விடப்படக்கூடாது என நினைவூட்டுகிறார். செய்தி எழுதி அனுப்பும்படி கேட்கிறார். மணப்பாடும் தூத்துக்குடியும் புன்னைக்காயலும் அறிந்த நமக்கு, அந்தக் கடற்கரை மணலில் நடந்த இந்த வழிநடத்தல் தொலைவானதாகத் தோன்றாது.

18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வீரமாமுனிவர் 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலை எழுதினார். இங்கே வேதியர் என்பது வேதத்தைப் போதிக்கும் உபதேசியார்களைக் குறிக்கும். 'தேம்பாவணி' பாடிய பெரும்புலவர், ஊர் ஊராக நடந்து திரிந்த எளிய உபதேசியார்களின் வாழ்வு செம்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு தனி நூலையே எழுதினார். குருக்கள் ஆண்டுக்கு ஒருமுறை வருவதே அரிதாக இருந்த காலத்தில், பல ஊர்களின் விசுவாசத்தைக் கட்டிக் காத்தவர்கள் அந்த உபதேசியார்களே. திருமுழுக்குக்கு ஆயத்தம் செய்ததும், இறந்தோரை அடக்கம் செய்ய முன்நின்றதும், வழக்குகளைத் தீர்த்து வைத்ததும் அவர்கள்தாம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட நற்செய்திப் பணி பற்றிய ஆணை ஏட்டில் வேதியர்களின் உழைப்பைப் பாராட்டி, அவர்களுக்கு முறையான பயிற்சியும் நியாயமான ஊதியமும் வேண்டும் என வலியுறுத்தியது. 2021ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் வேதியர் பணியைத் திருச்சபையின் நிலையான திருப்பணிகளுள் ஒன்றாக நிறுவினார். அதே ஆண்டு சனவரி 10ஆம் நாள், வாசகர், பீடத்துணைவர் ஆகிய திருப்பணிகளைப் பெண்களும் பெறலாம் என்று திருச்சபைச் சட்டத்தை மாற்றினார். இவ்விரு பணிகளும் 1972ஆம் ஆண்டு திருத்தந்தை ஆறாம் பவுல் வகுத்த விதிகளின்படி அதுவரை ஆண்களுக்கு மட்டுமே உரியவையாக இருந்தன. நம் பங்குகளில் பெரும்பாலோர் இப்படி நிலையாக நிறுவப்பட்டவர்கள் அல்லர். தற்காலிகமாக நியமிக்கப்பட்டே வாசிக்கிறார்கள். ஆயினும் உருவாக்கம் இருவருக்கும் ஒன்றுபோல் தேவை.

குருமடம் தருவதும் பங்கு தருவதும்

திரெந்து சங்கம் 1563ஆம் ஆண்டு சூலை 15ஆம் நாள், மறைமாவட்டங்கள் குருமடங்களை அமைக்க வேண்டும் என ஆணையிட்டது. அதற்கு முன்பு குருவாக விரும்பிய பலர், தங்கள் ஊர்க் குருவோடு தங்கி, அவர் செய்வதைப் பார்த்துக் கற்றனர். அந்த முறையில் குறைகள் நிறைய இருந்தன. குருவுக்கே தெரியாததைச் சீடன் எங்கே கற்பான்? அறியாமை தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. குருமடம் அந்தக் குறையைத் தீர்த்தது. இன்றைய திருச்சபைச் சட்டப்படி, மெய்யியலுக்கு இரண்டு ஆண்டுகளும் இறையியலுக்கு நான்கு ஆண்டுகளுமாகக் குறைந்தது ஆறு ஆண்டுகள் கல்வி பெற வேண்டும். திருத்தொண்டராகி ஆறு மாதமாவது கழிந்தபின்பே, 25 வயது நிறைந்தவர் குருவாகத் திருநிலைப்படுத்தப்படலாம்.

ஆனால் பார்த்துக் கற்பதில் இருந்த ஒரு நன்மையை நாம் மறந்துவிடக்கூடாது. மரணப் படுக்கையில் இருப்பவரின் கையை எவ்வாறு பற்றுவது என்பதை வகுப்பறையில் எழுதி வைக்க முடியாது. இதனால்தான் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992ஆம் ஆண்டு வெளியிட்ட திருத்தூது ஊக்கவுரையில், குருக்களின் உருவாக்கத்தில் மனிதப் பண்பு, ஆன்மிகம், அறிவு, மேய்ப்புப்பணி என்னும் நான்கு கூறுகளும் இணைந்து செல்ல வேண்டும் என விளக்கினார். அவற்றுள் மனிதப் பண்பையே அடித்தளமாக வைத்தார். 2016ஆம் ஆண்டு வெளிவந்த குரு உருவாக்க விதிமுறைகள், கல்வி முடிந்தபின் பங்குச் சமூகத்தில் பணி செய்து கற்கும் ஒரு கட்டத்தையும் சேர்த்தன. திருநிலைப்பாட்டிற்குப் பின்வரும் முதல் ஆண்டுகளில் மூத்த குருக்கள் இளையோருக்குத் துணையாக இருக்க வேண்டும் எனவும் கேட்டுக்கொண்டன.

ஆகவே குருமடம் ஒரு பாதியைத் தருகிறது. மற்றொரு பாதியைப் பங்குதான் தர வேண்டும். பொதுநிலைப் பணியாளர்களைப் பொறுத்தவரை இது இன்னும் உண்மை. அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒருநாள் பயிற்சி அல்லது வார இறுதிக் கருத்தரங்கு மட்டுமே. மீதி முழுவதும் பங்கின் கையில் இருக்கிறது.

உடன் நடத்தலின் நான்கு படிகள்

இதை நடைமுறையில் எவ்வாறு செய்வது? நோயாளிகளுக்கு நற்கருணை எடுத்துச் செல்லும் சிறப்புப் பணியாளரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஆயர், குரு, திருத்தொண்டர் ஆகியோரே நற்கருணை வழங்கும் இயல்பான பணியாளர்கள். தேவை ஏற்படும்போது பொதுநிலையினரும் இப்பணிக்கு நியமிக்கப்படலாம் என 1973ஆம் ஆண்டு முதல் திருச்சபை பரவலாக வழிசெய்துள்ளது.

முதற்படி: பார்க்கட்டும். புதியவர் முதல் சில வாரங்கள் அனுபவமுள்ள ஒருவரோடு செல்லட்டும். வீட்டிற்குள் நுழைந்ததும் முதலில் யாரிடம் பேசுகிறார், தொலைக்காட்சியை நிறுத்தச் சொல்வதை எவ்வளவு பணிவாகச் சொல்கிறார், நோயாளியின் கட்டில் அருகே எப்படி அமர்கிறார் என்பதையெல்லாம் கவனிக்கட்டும். நற்கருணைச் சிமிழோடு வழியில் நின்று கடையில் பேசிக்கொண்டிருக்காமல் நேராகச் செல்வதையும் பார்த்துக் கற்கட்டும்.

இரண்டாம் படி: சேர்ந்து செய்யட்டும். இறைவார்த்தையைப் புதியவர் வாசிக்க, நற்கருணையை மூத்தவர் வழங்கலாம். அடுத்த முறை மாற்றிக்கொள்ளலாம். விழுங்க முடியாத நோயாளிக்கு மிகச் சிறிய துண்டு போதும், அருகில் ஒரு குவளைத் தண்ணீர் இருக்க வேண்டும் என்பன போன்ற சிறு காரியங்கள் இந்தக் கட்டத்தில்தான் பழக்கமாகின்றன. காப்பி குடித்துவிட்டதால் நற்கருணை வேண்டாம் என்று தயங்கும் முதியவருக்கு, ஒரு மணி நேர நோன்பு முதியோரையும் நோயுற்றோரையும் அவர்களைப் பராமரிப்போரையும் கட்டுப்படுத்தாது என்று சொல்லத் தெரிந்தால், அவருக்கு எவ்வளவு ஆறுதல்!

மூன்றாம் படி: அவரே செய்யட்டும், மூத்தவர் பார்க்கட்டும். இதுவே வழிகாட்டிக்குக் கடினமான கட்டம். புதியவர் தடுமாறும்போது இடையில் புகுந்து தாமே செய்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும். அடக்கிக்கொள்ள வேண்டும். சிறு தடுமாற்றத்தால் நோயாளிக்கு எந்தக் கேடும் இல்லை. ஆனால் குடும்பத்தார் முன்னிலையில் பணியைப் பிடுங்கிக்கொண்டால் புதியவரின் மனம் உடைந்துபோகும்.

நான்காம் படி: திரும்பி வந்து பேசட்டும். வீடு திரும்பும் வழியிலோ, கோவில் முற்றத்து மரத்தடியிலோ பத்து நிமிடம் போதும். எது நன்றாக அமைந்தது? எங்கே பயம் வந்தது? நோயாளி சாவைப் பற்றிக் கேட்டபோது என்ன தோன்றியது? இக்கேள்விகளுக்கு அவரே விடை தேடட்டும். நோயாளியின் நிலை மோசமானால் உடனே பங்குத்தந்தைக்குத் தெரிவிக்க வேண்டும், நோயில்பூசுதலைக் குரு மட்டுமே வழங்க முடியும் என்பதையும் இங்கே நினைவூட்டலாம். கண்டிப்பாகக் குணமாகிவிடும் என்று பொய் நம்பிக்கை தரக்கூடாது என்பதையும் எடுத்துச் சொல்லலாம்.

வாசகருக்கும், மறைக்கல்வி ஆசிரியருக்கும், உபதேசியாருக்கும் இதே நான்கு படிகள் பொருந்தும். வாசகத்தை ஞாயிறு காலையில் கையில் கொடுக்காமல் வியாழக்கிழமையே கொடுத்தால், பெந்தக்கோஸ்து நாளில் பிரிகியா, பம்பிலியா என்ற ஊர்ப்பெயர்களைக் கண்டு ஒருவரும் மிரளமாட்டார். ஒலிவாங்கிக்கு எவ்வளவு தொலைவில் நிற்பது, எந்த இடத்தில் நிறுத்துவது என்பதைச் சனிக்கிழமை மாலை வெறுமையான கோவிலில் ஒருமுறை வாசித்துப் பார்த்தாலே விளங்கிவிடும். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது: இந்த வாசகம் வாசிப்பவரிடம் என்ன பேசுகிறது? தன் உள்ளத்தில் விழாத வார்த்தையை ஒருவர் பிறர் உள்ளத்தில் எப்படி விதைப்பார்?

திருத்தும் சொல்

தவறுகளைத் திருத்தாமல் உருவாக்கம் இல்லை. ஆனால் எங்கே, எப்போது, எப்படித் திருத்துகிறோம் என்பதில்தான் ஒருவர் வளர்வதும் ஒடிவதும் இருக்கிறது. பிரிஸ்கில்லாவும் அக்கிலாவும் காட்டிய வழியை நாம் கண்டோம். பாராட்டை எல்லார் முன்னும் சொல்லலாம், திருத்தத்தைத் தனியே சொல்ல வேண்டும். திருப்பலி முடிந்த உடனேயே சொல்லாமல், படபடப்பு அடங்கியபின் சொல்வது நன்று. ஒரே நேரத்தில் பத்துக் குறைகளை அடுக்காமல் ஒன்றை மட்டும் சொன்னால், அடுத்த வாரம் அது சரியாகியிருக்கும்.

ஊர்க்காரர்களின் நாவைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். புதிதாக வாசிக்கும் பெண்ணின் உடையையும் உச்சரிப்பையும் கோவில் வாசலில் நின்று விமர்சிப்பவர்கள், தாங்கள் ஒரு பணியாளரை உருவாக்கும் வேலையைக் கெடுக்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. பங்கு மக்கள் ஒவ்வொருவரும் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் உருவாக்குநரே. அவருடைய ஒரு சொல் கட்டி எழுப்பும், அல்லது இடித்துத் தள்ளும்.

யாரை அழைக்கிறோம்?

பயிற்சியைப் பற்றிப் பேசும்போது தேர்வைப் பற்றிப் பேசாமல் இருக்க இயலாது. பல பங்குகளில் வாசகர் பட்டியலைப் படித்தால், அதே நான்கைந்து குடும்பங்களின் பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். சில இடங்களில் ஒரு தெருவின் பெயர்கள் வரும், மற்றொரு தெருவின் பெயர்கள் வருவதே இல்லை. காரணம் நாம் எல்லாரும் அறிந்ததே. சாதியின் பெயரால் ஒருவர் பீடத்திலிருந்து விலக்கப்பட்டால், அங்கே எத்தனை பயிற்சி வகுப்புகள் நடத்தியும் பயனில்லை. கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் பந்தியில் புறக்கணிக்கப்பட்ட முறையீடு எழுந்தபோது, திருத்தூதர்கள் அதை மூடி மறைக்கவில்லை. எழுவரைத் தேர்ந்துகொள்ளச் செய்து தீர்வு கண்டார்கள் (தி.ப. 6:1-6). புறக்கணிக்கப்பட்டவர்களின் குரலைக் கேட்டபோதுதான் திருச்சபையில் ஒரு புதிய பணி பிறந்தது.

இன்னும் ஒன்று. பயிற்சியை வார நாள்களில் காலை பத்து மணிக்கு வைத்தால் கூலி வேலைக்குப் போகிறவர்கள் எப்படி வருவார்கள்? கடலுக்குச் செல்கிறவர்களின் நேரம் வேறு, பஞ்சாலையில் முறை மாறி வேலை செய்பவர்களின் நேரம் வேறு. ஏழை ஒருவர் பணிக்கு வர வேண்டும் என்று நாம் உண்மையாகவே விரும்பினால், நேரத்தையும் போக்குவரத்துச் செலவையும் முதலில் அவருக்கேற்ப அமைப்போம். எழுத்துக் கூட்டி வாசிக்கும் ஒரு தாய், நோயாளி வீட்டில் அமர்ந்து செபமாலை சொல்வதில் நம் எல்லாருக்கும் ஆசிரியையாக இருக்கக்கூடும்.

அதே வேளையில் அவசரமும் கூடாது. திருத்தொண்டர்கள் முதலில் சோதித்தறியப்பட வேண்டும் என்றும், எவர்மீதும் அவசரப்பட்டுக் கைகளை வைக்கக்கூடாது என்றும் திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட திருமுகம் எச்சரிக்கிறது (1 திமொ 3:10, 5:22). சிறுவர் சிறுமியரோடு பணிபுரிய வருபவரைப் பற்றி நன்கு விசாரித்து அறிவதும், தனி அறையில் குழந்தைகளோடு தனித்திருக்கக்கூடாது போன்ற நெறிகளை முதல் நாளிலேயே சொல்வதும் நம் கடமை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தவர் அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பங்கின் நற்பெயர் கெடும் என்று மறைப்பது சட்டத்திற்கும் நற்செய்திக்கும் எதிரானது.

புதிய குருவும் நம் பங்கும்

திருநிலைப்பாட்டு விழாவில் ஊரே திரண்டு மாலை போடுகிறது. முதல் திருப்பலி, விருந்து, வாழ்த்து மடல்கள் எல்லாம் முடிந்து சில வாரங்களில், அந்த இளங்குரு முன்பின் அறியாத ஓர் ஊரில் துணைப் பங்குத்தந்தையாக இருப்பார். காலைத் திருப்பலி, பள்ளி வேலை, இறந்த வீடு, மாலை அன்பியக் கூட்டம் என்று நாள் ஓடும். இரவில் கதவைச் சாத்தியபின் அவரோடு பேச யாரும் இல்லாமல் போகலாம். குருமடத்தில் நண்பர்கள் புடைசூழ வாழ்ந்தவருக்கு இந்தத் தனிமை திடீரென்று வருகிறது.

குருக்களின் பணியும் வாழ்வும் பற்றிய சங்க ஏடு, மூத்த குருக்கள் இளையோரைத் தங்கள் சகோதரராக ஏற்று, அவர்களுடைய முதல் முயற்சிகளில் துணைநிற்க வேண்டும் எனக் கேட்கிறது. அவர்களுடைய மனப்போக்கு தங்களதிலிருந்து வேறுபட்டாலும் புரிந்துகொள்ள முயல வேண்டும் என்கிறது. பங்குத்தந்தை அவரோடு ஒரே மேசையில் உண்பதே முதல் பயிற்சி. மறையுரையைப் பற்றி வாரம் ஒருமுறை மனம் திறந்து பேசுவது இரண்டாவது. கணக்குப் புத்தகத்தைக் காட்டி, பங்கின் பணம் எப்படி வருகிறது, எப்படிச் செலவாகிறது என்று விளக்குவது மூன்றாவது. நாளை தனிப் பங்கு ஏற்கப்போகிறவர் அதை இன்று கற்காவிட்டால் எப்போது கற்பார்? மூத்தவரும் அவரிடமிருந்து கற்க நிறைய உண்டு.

பங்கு மக்களாகிய நமக்கும் இதில் பொறுப்பு உண்டு. புதியவரை முந்தியவரோடு ஒப்பிட்டுப் பேசாதிருப்போம். இரண்டு குருக்களுக்கும் இடையே செய்தி கடத்தி, கட்சி பிரிக்காதிருப்போம். முதல் மறையுரை நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்வோம். நல்ல கருத்து ஒன்று நெஞ்சில் பட்டால் வாசலில் நின்று அதைச் சொல்வோம். அவரை ஒரு வேளை உணவுக்கு எளிமையாக அழைப்போம். திமொத்தேயுவின் நம்பிக்கை முதலில் பாட்டி லோயியிடமும் தாய் யூனிக்கியிடமும் குடிகொண்டிருந்தது எனப் பவுல் நினைவுகூர்கிறார் (2 திமொ 1:5). நம் பங்கின் பாட்டிமாரும் தாய்மாரும் ஒரு குருவை உருவாக்குவதில் பங்குபெறுகிறார்கள் என்பதில் ஐயமில்லை.

கையளித்து விலகுதல்

வழிகாட்டிக்குரிய கடைசிப் பண்பு, விலகத் தெரிவது. இரவில் மூன்று முறை எழுந்து வந்த சிறுவன் சாமுவேலை ஏலி தம்மோடு கட்டி வைத்துக்கொள்ளவில்லை. அழைப்பவர் ஆண்டவர் என்று உணர்ந்ததும், அவரிடமே செவிசாய்க்கும்படி அனுப்பிவிட்டார் (1 சாமு 3). தம் கண்பார்வை மங்கிய வயதிலும் ஏலிக்கு அது தெரிந்திருந்தது. மோசேயும் தாம் வாழும்போதே யோசுவாவை மக்கள் முன் நிறுத்தி, கைகளை அவர்மேல் வைத்துப் பொறுப்பைப் பகிர்ந்தளித்தார் (எண் 27:18-23).

நம் பங்குகளில் இருபது முப்பது ஆண்டுகளாக ஒரே பொறுப்பில் இருப்பவர்கள் உண்டு. அவர்களுடைய உழைப்புக்குப் பங்கு கடன்பட்டிருக்கிறது. ஆனால் அவர்கள் தங்களுக்குப் பின் இருவரையாவது உருவாக்கியிருக்கிறார்களா என்பது ஒரு நேர்மையான கேள்வி. தாம் பெற்றதை நம்பிக்கைக்குரியவர்களிடம் ஒப்படைக்கும்படியும், அவர்கள் மற்றவர்களுக்குக் கற்பிக்கும் ஆற்றல் உடையவர்களாக இருக்க வேண்டும் எனவும் பவுல் திமொத்தேயுவைக் கேட்டுக்கொள்கிறார் (2 திமொ 2:2). பவுல், திமொத்தேயு, அவர் ஒப்படைக்கும் மனிதர்கள், அவர்களிடம் கற்கப்போகும் பிறர் என்று ஒரே வாக்கியத்தில் நான்கு தலைமுறைகள் நிற்கின்றன. நாம் எந்தத் தலைமுறையோடு நிறுத்திவிட்டோம்?

அன்பார்ந்தவர்களே, இதற்குப் பெரிய கட்டடமோ பெருந்தொகையோ தேவையில்லை. அடுத்த பங்குப்பேரவைக் கூட்டத்தில் ஒரு தாளை எடுத்து, கடந்த இரண்டு ஆண்டுகளில் பொறுப்பேற்ற ஒவ்வொருவரின் பெயரையும் எழுதுவோம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவரோடு உடன் நடக்கப்போகும் ஒருவரின் பெயரை எழுதுவோம். ஒதுங்கிப் போனவர்களின் பெயர்களையும் மறவாமல் சேர்ப்போம். அவர்களுடைய வீட்டிற்கு இந்த வாரமே ஒருவர் செல்லட்டும். யோவான் மாற்கைத் தேடிய பர்னபாவின் மனத்தோடு செல்லட்டும்.

தம் சீடர்களோடு உடன் நடந்து அவர்களை உருவாக்கிய ஆண்டவர் இயேசு, நம் பங்குகளில் முன்வந்துள்ள புதிய பணியாளர்கள் ஒவ்வொருவரையும் திடப்படுத்துவாராக. அவர்களோடு உடன் நடக்கும் மனத்தை நமக்கும் தருவாராக. ஆமென்.